பழகுவது கருவியா, காதா?



போன மாதம் மதுரையிலிருந்து ஒரு கல்லூரி மாணவர் கடிதம் எழுதியிருந்தார். விடுமுறையில் வேலை பார்த்துச் சேர்த்த 6,000 ரூபாயில் ஒரு ஹெட்போன் வாங்கியிருக்கிறார். முதல் நாளே ஏமாற்றம். பாடகர் குரல் தகர டப்பாவுக்குள்ளிருந்து வருவதுபோல் இருக்கிறது, மிருதங்கத்தின் கும்கி என்ற கீழ்ஸ்தாயி ஒலி கேட்கவே இல்லை. கடைக்குப் போய்ச் சொல்லியிருக்கிறார். "புது செட் அப்படித்தான் இருக்கும் தம்பி. 200 மணி நேரம் ஓடட்டும். பர்ன்-இன் ஆனதும் கேட்டுப் பாருங்க, குரல் நல்லா திறந்துக்கும்" என்று அனுப்பி வைத்திருக்கிறார்கள். அவரும் தலையணைக்கு அடியில் ஹெட்போனை வைத்து இரவெல்லாம் பாட விட்டிருக்கிறார். பத்து நாளுக்குள் திருப்பித் தரலாம் என்ற கெடு அதற்குள் முடிந்துபோனது. "சார், இன்னும் எத்தனை மணி நேரம் ஓட்டணும்? உண்மையிலேயே மாறுமா, இல்லை எனக்குத்தான் கேட்கத் தெரியலையா?" என்று முடித்திருந்தார்.

கடைசியில் இருந்த அந்தக் கேள்வி என்னை விடவில்லை. உழைத்துச் சேர்த்த காசைக் கொடுத்துவிட்டு, குறை தன் காதில்தானோ என்று ஒரு பிள்ளை கூச்சப்படுகிறது. இந்த மாத ஆசிரியர் பக்கம் அவருக்கும், அவரைப்போல் மணிக்கணக்கு எண்ணிக்கொண்டு காத்திருக்கும் மற்றவர்களுக்கும்.

பழக்குதல் நமக்கு அந்நியமான சங்கதி அல்ல. புது இரும்புத் தோசைக்கல்லில் முதல் தோசை எடுக்க வராது. எண்ணெய் தடவிச் சூடேற்றி, வெங்காயத்தைப் பாதியாக நறுக்கித் தேய்த்து, நாலைந்து நாள் மெனக்கெட்ட பிறகுதான் கல் பழகும். மண்சட்டியில் அரிசி களைந்த தண்ணீரை ஊற்றி வைக்கிறோம். புதுச் செருப்பு ஒரு வாரம் கடித்துவிட்டுக் காலுக்கு இசைகிறது. புது மோட்டார் சைக்கிளை முதலில் விரட்டாமல் ஓட்டச் சொல்கிறார்கள். இதையெல்லாம் பார்த்து வளர்ந்தவரிடம் "ஹெட்போனும் ஓட ஓடத்தான் பழகும்" என்று சொன்னால் அவர் நம்பத்தான் செய்வார். நம்பியது தவறில்லை. ஆனால் தோசைக்கல் பழகியதற்குச் சாட்சி இருக்கிறது. எண்ணெய் சூட்டில் இறுகி இரும்பின்மேல் கருத்த படலமாகப் படிந்திருப்பதைக் கண்ணால் பார்க்கலாம், விரலால் தொடலாம். ஒலிக்கருவியில் எது எதற்கு அப்படிச் சாட்சி உண்டு, எதற்கு இல்லை என்று பிரித்துப் பார்ப்போம்.

முதலில், உண்மையாகவே மாறுபவை.

ஸ்பீக்கரில் மாறுதல் உண்டு. காகிதக் கூம்பின் விளிம்பைச் சுற்றி ரப்பரோ ஃபோமோ இருக்கும். அடியில், வாய்ஸ் காயிலைத் தாங்கிப் பிடிக்கும் மடிப்புத் துணி ஒன்று உண்டு. மெக்கானிக்குகள் அதை ஸ்பைடர் என்பார்கள். பிசின் ஏற்றிய துணி அது. புதிதாக இருக்கும்போது விறைப்பாக இருக்கும். கூம்பு நன்றாக முன்னும் பின்னும் அசைந்ததும் அந்த விறைப்பு கொஞ்சம் தளர்கிறது. ஸ்பீக்கரின் இயல்பதிர்வு சில ஹெர்ட்ஸ் கீழே இறங்குகிறது. இதைக் கருவியால் அளக்கலாம், அளந்தும் இருக்கிறார்கள். ஆஸ்திரேலியாவின் நெவில் தீல் 1961-இல் தொடங்கி வைத்து, 1970-களில் ரிச்சர்ட் ஸ்மால் விரித்தெழுதிய கணக்குமுறை ஒன்று உண்டு. ஸ்பீக்கர் செய்கிறவர்கள் இன்றும் அதை வைத்துத்தான் பெட்டி அளவைத் தீர்மானிக்கிறார்கள். அதே கணக்கு இன்னொன்றையும் சொல்கிறது. பெட்டிக்குள் அடைபட்ட காற்றும் ஒரு ஸ்பிரிங்தான். ஸ்பைடர் கொஞ்சம் தளர்ந்தாலும் காற்றின் விறைப்பு அப்படியே இருப்பதால், வெளியே வரும் ஒலியில் தெரியும் வித்தியாசம் மிகச் சிறியது. தளர்ச்சியின் பெரும்பகுதியும் முதல் சில நிமிடங்களிலோ மணிகளிலோ முடிந்துவிடும். தகரக் குரலைத் தேன்குரலாக்கும் வேலை அதற்குள் இல்லை.

ஹெட்போனில் இன்னும் குறைவு. அதன் சவ்வு அசையும் தூரமே மிகச் சிறியது. அங்கே நிஜமாக மாறுவது காதுமெத்தை. நாள்பட அழுந்தி, வியர்வை பட்டு மிருதுவாகி, தலையோடு படிந்து உட்கார்கிறது. மெத்தை சரியாக மூடினால்தான் கீழ்ஸ்தாயி நிற்கும். சின்ன இடுக்கு இருந்தாலும் ஓடிவிடும். ஹெட்போனைக் கழற்றித் திரும்ப மாட்டும்போது அரை அங்குலம் தள்ளி உட்கார்ந்தால் ஏற்படும் ஒலி மாற்றம், 200 மணி நேரம் ஓடியதால் வரும் மாற்றத்தைவிடப் பெரிது.

வால்வு ரேடியோ இருந்த வீட்டில் வளர்ந்தவன் நான். இலங்கை வானொலி கேட்க அப்பா குமிழைத் திருகியதும் பாட்டு வந்துவிடாது. வால்வுக்குள் இழை சிவந்து, சூடேறி, சற்றுக் கழித்துத்தான் குரல் மெல்ல எழும்பும். "சூடாகட்டும், பொறு" என்பார். அந்தப் பொறுமைக்கு அர்த்தம் இருந்தது. ஆனால் அது ஒவ்வொரு முறை போடும்போதும் நடப்பது, அணைத்தால் ஆறிவிடும். அதேபோல், பல வருடம் பரணில் கிடந்த ஆம்ப்ளிஃபையரை அனுபவப்பட்ட மெக்கானிக் ஒரேயடியாக மின்சாரத்தில் மாட்ட மாட்டார். அதிலுள்ள எலக்ட்ரோலிட்டிக் கப்பாசிட்டருக்குள் அலுமினிய ஆக்சைடு படலம் சிதைந்திருக்கும். மின்னழுத்தத்தைப் படிப்படியாக ஏற்றினால் அது திரும்பவும் கட்டும். இதற்கும் சாட்சி உண்டு, அளவு உண்டு.

தொழிற்சாலையிலும் 'பர்ன்-இன்' என்ற சொல் புழங்குகிறது. பொருள் வேறு. குறையுள்ள பாகம் பெரும்பாலும் தொடக்கத்திலேயே பழுதாகும் என்பதால், கருவியைச் சூட்டில் சில மணி நேரம் ஓடவிட்டுத் தேறாததைக் கழித்துவிட்டு மீதியை அனுப்புவார்கள். இனிமை கூட்டுவது அதன் நோக்கமல்ல.

இனி, அதுவும் ஓட ஓடப் பழகும் என்று சொல்லப்படும் ஒயருக்கு வருவோம். இங்கேதான் நம் வாசகர்கள் அதிகம் பணம் இழக்கிறார்கள் என்பதால் சற்று நின்று பேசுகிறேன்.

ஒயர் என்பது செம்பும் அதன்மேல் ஒரு பிளாஸ்டிக் உறையும். அசையும் பாகம் கிடையாது. தளர்வதற்கு விளிம்பில்லை, இளகுவதற்குத் துணியில்லை. பாட்டு ஓடும்போது செம்புக்குள் எலக்ட்ரான்கள் இருந்த இடத்திலேயே முன்னும் பின்னும் நடுங்குகின்றன. எதையும் தேய்த்துக்கொண்டு போவதில்லை. "உறை பதப்பட வேண்டும்" என்று விளம்பரங்களில் எழுதுகிறார்கள். உறை மாறினால் ஒயரின் மின்தேக்குத் திறன் மாற வேண்டும். அதை ஒரு ஃபாரடில் லட்சம் கோடியில் ஒரு பங்கான பிக்கோஃபாரட் வரைக்கும் அளக்கும் கருவி கல்லூரி ஆய்வகத்திலேயே இருக்கிறது. புது ஒயரையும் 200 மணி நேரம் ஓடிய ஒயரையும் அளந்து, இதோ வித்தியாசம், இது காதுக்குக் கேட்கிறது என்று ஒருவர் காட்ட, மற்றவர்கள் சரிபார்த்து ஒப்புக்கொண்டதாக ஓர் அளவீட்டையும் இத்தனை வருடத்தில் நான் கண்டதில்லை.

ஒயரில் முக்கியம் தடிமனும் நீளமும். 2.5 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயர், ஆம்ப்ளிஃபையரிலிருந்து ஸ்பீக்கருக்கு 5 மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். போக வர 10 மீட்டர். மின்தடை சுமார் 0.07 ஓம். 8 ஓம் ஸ்பீக்கருக்கு அது நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. அதுவே கல்யாண மண்டபத்தில் 0.5 சதுர மில்லிமீட்டர் மெல்லிய ஒயரை 20 மீட்டர் இழுத்தால், போக வர 40 மீட்டரில் 1.4 ஓம் ஏறிவிடும். ஒலி ஒரு டெசிபெலுக்கு மேல் இறங்கும். இது முதல் நாளும் அப்படித்தான், ஆயிரம் மணி நேரம் கழித்தும் அப்படித்தான். தடித்த ஒயர் வாங்குங்கள். எலக்ட்ரிக் கடையில் மீட்டர் கணக்கில் கிடைக்கும் நல்ல செம்பு ஒயரே போதும்.

"ஒயர் மாற்றியதும் சத்தம் தெளிவானது, சத்தியம்" என்று சொல்பவர்களை நான் பொய்யர் என்று சொல்லவே மாட்டேன். பல வீடுகளில் அது நிஜம். வருடக்கணக்கில் செருகிய இடத்திலேயே இருந்த பின்னில், குறிப்பாகக் கடலோர ஊர்களில், களிம்பு ஏறியிருக்கும். பழைய ஒயரைப் பிடுங்கிப் புதியதைச் செருகும்போது உரசலில் அந்தக் களிம்பு போய்விடுகிறது. பழைய ஒயரையே ஒருமுறை பிடுங்கிச் செருகியிருந்தாலும் அதே தெளிவு வந்திருக்கும். முன்பு ஒரு ஸ்பீக்கரில் பிளஸ் மைனஸ் மாறியிருந்து, புது ஒயர் போடும்போது சரியாகியிருக்கலாம். மாறியிருந்தால் கீழ்ஸ்தாயி காணாமல் போகும். சரியானதும் வீடே நிறைந்த மாதிரி இருக்கும்.

சரி, களிம்பும் இல்லை, இணைப்பும் மாறவில்லை. ஆனாலும் "முதல் வாரம் கரகரப்பு, மூன்றாம் வாரம் கனிவு" என்று நேர்மையான மனிதர்கள் சொல்கிறார்களே, அது எப்படி?

புது பவரில் கண்ணாடி வாங்கியவர்களைக் கேளுங்கள். முதல் இரண்டு நாள் தரை சாய்ந்து தெரியும், படிக்கட்டு பயமுறுத்தும். ஒரு வாரத்தில் "கண்ணாடி பழகிடுச்சு" என்போம். லென்ஸில் ஒரு மாற்றமும் நடக்கவில்லை. பழகியது நம் மூளை. காது மந்தமானவர்கள் செவிக்கருவி மாட்டும்போது இது இன்னும் துலக்கமாகத் தெரியும். முதலில் தட்டு வைக்கும் சத்தம்கூட மண்டையில் அறையும். சில வாரம் பொறுத்து அணியுங்கள், மூளை பழகிக்கொள்ளும் என்று மருத்துவர்களே சொல்லி அனுப்புகிறார்கள். புது ஸ்பீக்கரின் குரலும் அப்படித்தான். பழைய கருவியின் குணம் மெல்ல மறந்து, புதியதே இயல்பு என்று ஆகிவிடுகிறது. அந்த மாற்றம் உண்மை. அது நடக்கும் இடம்தான் வேறு.

இதில் ஒன்றை யோசித்துப் பாருங்கள். உலகில் ஓடி ஓடி மாறும் பொருள்கள் சில நன்றாகும், சில கெடும். செருப்பு காலுக்கு இசையும், பிறகு தேயும். ஸ்பீக்கர் விளிம்பிலுள்ள ஃபோம் வருடங்கள் போகப் பொடிந்து உதிரும். ஒயர் மட்டும் எல்லோர் வீட்டிலும் நல்ல பக்கமாகவே மாறி, சரியான இடத்தில் நின்றும் விடுகிறது என்கிறார்கள். "200 மணி நேரம் ஓடியதும் கெட்டுப்போச்சு" என்று ஒருவரும் சொல்வதில்லை. மாற்றம் பொருளில் இருந்தால் இப்படி இருக்காது. பழக்கத்துக்குத்தான் இந்தக் குணம் உண்டு.

காதின் நினைவும் குறுகியது. ஒரு ஒலியின் நுண்மையான சாயலை நாம் பிடித்து வைத்திருப்பது சில விநாடிகள்தான். மூன்று வாரத்துக்கு முந்தைய ஒலியை இன்றைய ஒலியோடு ஒப்பிடும்போது, நினைவில் இருப்பது ஒலி அல்ல, அதைப் பற்றி அன்று நமக்குள் சொல்லிக்கொண்ட வார்த்தைகள். ஒலி அரை டெசிபெல் கூடினால் அதைச் 'சத்தம் அதிகம்' என்று உணராமல் 'தெளிவு அதிகம்' என்று உணர்வதும் நம் காதின் இயல்பு.

அதனால்தான் ஆராய்ச்சியாளர்கள் கண்ணை மூடிக் கேட்கச் சொன்னார்கள். அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் மன்சனும் கார்ட்னரும் 1950-லேயே இதற்கு ஒரு முறை வகுத்தார்கள். முதலில் ஒன்று, பிறகு மற்றது, மூன்றாவதாக அந்த இரண்டில் ஏதோ ஒன்று. எது என்று காதால் மட்டும் சொல்ல வேண்டும். 1994-இல் ஃபிளாய்ட் டூலும் ஷான் ஆலிவும் 40 பேரை வைத்து ஸ்பீக்கர்களைப் பார்த்தும் பார்க்காமலும் மதிப்பிடச் செய்தார்கள். மதிப்பிட்ட அந்த 40 பேரும் ஒலிக்கருவி நிறுவனத்தில் வேலை செய்கிறவர்கள்தான். அப்படியிருந்தும், கண்ணால் பார்த்தபோது கொடுத்த மதிப்பெண் திரை போட்டதும் மாறிப்போனது.

இசைக்கருவிகளில்கூடப் பார்த்திருக்கிறார்கள். சிட்னியில் நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்து இயற்பியலாளர்கள், ஒரே கைவினைஞர் ஒரே மரத்தில் ஒரே சமயத்தில் செய்த இரண்டு வயலின்களை எடுத்துக்கொண்டார்கள். ஒன்று அருங்காட்சியகத்தில் வைக்கப்பட்டது. மற்றதை ஒரு தொழில்முறைக் கலைஞர் தொடர்ந்து வாசித்து வந்தார். மூன்று வருடம் கழித்து இரண்டையும் வாசித்தும் கேட்டும் மதிப்பிட்டபோது, சொல்லும்படியான வித்தியாசம் எதுவும் வெளிப்படவில்லை. 2005-இல் அந்த முடிவு வெளியானது. வாசிக்க வாசிக்க வயலின் கனியும் என்பது எத்தனை தலைமுறையின் நம்பிக்கை! அசைந்து அதிரும் மரத்திலேயே மூன்று வருடத்துக்கு இவ்வளவுதான் என்றால், அசையாத ஒயரில் எட்டு நாளுக்கு என்ன எதிர்பார்ப்பது?

நானும் செய்து பார்த்தேன். பல வருடம் முன்பு விலை உயர்ந்த ஒயர் ஒன்று வாங்கினேன். பத்து நாளில் வீணையின் மீட்டொலி நீண்டு கேட்டதாக உறுதியாக நம்பினேன், நண்பர்களிடமும் சொன்னேன். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, அக்கா மகனைத் துணைக்கு வைத்துக்கொண்டேன். ஸ்பீக்கருக்குப் பின்னால் துணி கட்டி, அவன் ஒவ்வொரு முறையும் காசைச் சுண்டிப் பார்த்து அந்த ஒயரையோ சாதாரண ஒயரையோ மாட்டினான். அதே பாட்டு, அதே அளவு சத்தம். "இப்ப எது மாமா?" என்று பத்து முறை கேட்டான். ஆறு முறை சரியாகச் சொன்னேன். வெறுமனே ஊகித்தாலே ஆறோ அதற்கு மேலோ சரியாக வர நூற்றுக்கு 38 வாய்ப்பு உண்டு. ஒன்பது சரியாகச் சொல்லியிருந்தால் அது வேறு கதை. ஊகத்தில் அப்படி வருவது நூற்றில் ஒரு முறைதான். அன்றோடு அந்த நம்பிக்கையை விட்டேன். பாட்டு கேட்பதில் இருந்த சந்தோஷம் துளியும் குறையவில்லை.

மதுரைத் தம்பிக்கு வருகிறேன். பதில் எழுதும்போது நான் முதலில் கேட்டது, "கண்ணாடி போடுகிறீர்களா?" என்றுதான். ஆமாம் என்றார். கண்ணாடிக் காம்பு காதுமெத்தையைத் தூக்கி, அந்த இடுக்கில் கீழ்ஸ்தாயி ஓடிக்கொண்டிருந்தது. கழற்றிவிட்டுக் கேட்டதும் கும்கி வந்துவிட்டது என்று எழுதினார். தகரக் குரல் மட்டும் அப்படியே இருக்கிறதாம். அது அந்த ஹெட்போனின் குணம். இன்னும் எத்தனை மணி நேரம் ஓட்டினாலும் போகாது. உங்கள் காதில் ஒரு குறையும் இல்லை தம்பி. முதல் நாள் அது சொன்னது சரி.

வாசகர்களுக்கு நான் சொல்ல விரும்புவது இவ்வளவுதான். வாங்கும் முன், உங்களுக்கு மனப்பாடமான இரண்டு பாட்டை அதில் போட்டுக் கேளுங்கள். வாங்கியதும் ஒரே நாளில் நாலைந்து மணி நேரம் கேட்டுவிடுங்கள். கருவி தளர வேண்டியது பெரும்பாலும் அதற்குள் தளர்ந்துவிடும். மறுநாளும் கேளுங்கள். அப்போதும் பிடிக்கவில்லை என்றால் கெடு முடியும் முன் திருப்பிக் கொடுங்கள். தினம் ஒரு மணி நேரம் கேட்கும் ஒருவருக்கு 200 மணி நேரம் என்பது ஆறரை மாதம். எந்தக் கடையும் அத்தனை நாள் கழித்துப் பணம் திருப்பித் தராது. ஒயருக்கு ஒதுக்கிய பணத்தை நல்ல ஸ்பீக்கருக்குச் செலவிடுங்கள். வெறுஞ்சுவரில் ஒரு கனத்த திரை போடுங்கள், தரையில் ஜமக்காளம் விரியுங்கள். அந்த வித்தியாசத்தைக் கண்ணை மூடிக்கொண்டும் சொல்லிவிடலாம்.

பழக்குவதற்காகச் சத்தத்தைக் கூட்டி வைத்துக்கொண்டு கேட்காதீர்கள். 80 டெசிபெல் அளவில் வாரத்துக்கு 40 மணி நேரத்துக்கு மேல் கேட்க வேண்டாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஒவ்வொரு உட்செவியிலும் சுமார் 15,000 மயிர்ச்செல்கள்தான் இருக்கின்றன. மனிதருக்கு அவை செத்தால் திரும்ப முளைப்பதில்லை. ஹெட்போனை மாற்றலாம், ஒயரை மாற்றலாம். காதை மாற்ற முடியாது. அதைப் பார்த்துக்கொள்ளுங்கள், அது சொல்வதை நம்புங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்